வருகைப் பதிவேட்டில் அமாவாசை

பாம்பன் பக்கத்துக் கடலோரக் கிராமம் ஒன்றின் நடுநிலைப் பள்ளிக்கு அறிவியல் ஆசிரியையாக மாறுதலாகி வந்த முதல் ஆண்டு அது. எனக்கு ஏழாம் வகுப்பு தந்திருந்தார்கள். முப்பத்தொரு பிள்ளைகள். ஆகஸ்ட் மாதக் கடைசியில் வருகைப் பதிவேட்டைக் கூட்டிப் பார்த்தபோது ஒரு மாணவியின் பெயருக்கு நேரே எட்டு நாட்கள் 'வராதவர்' என்று இருந்தது. செப்டம்பரிலும் ஏறக்குறைய அதே கணக்கு. படிக்கிற பிள்ளை. வகுப்பில் கேட்ட கேள்விக்குப் பதில் தெரிந்தால் கையைத் தூக்கிவிடுவாள். ஆனால் சேர்ந்தாற்போல நான்கைந்து நாள் காணாமல் போவாள். வந்தபின் காரணம் கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாள்.

அவளுடைய அம்மாவை வரச் சொன்னேன். மூன்று முறை சொல்லியும் வரவில்லை. நான்காவது முறை ஒரு மாலை வேளையில் வந்தார். சேலைக்கு மேலே ஆண்கள் அணியும் முழுக்கைச் சட்டை. விரல் நுனிகளில் எல்லாம் கீறல்கள். உள்ளே வந்து நாற்காலியில் உட்காரவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் பேசிய தொனி இன்றும் நினைவில் இருக்கிறது. "பிள்ளை படிப்பில் உங்களுக்கு அக்கறை இருக்கா இல்லையா அக்கா?" என்றுதான் தொடங்கினேன்.

அவர் கோபப்படவில்லை. "டீச்சர், அமாவாசைக்கு முன்னே மூணு நாள், பின்னே மூணு நாள். பௌர்ணமிக்கும் அதே மாதிரிதான். அந்த நாள்ல நான் கடலுக்குப் போனாத்தான் வீட்டுல உலை. விடியக்காலம் போனா மதியம் தாண்டித்தான் கரை. சின்னவனுக்கு ரெண்டு வயசு. யாருகிட்ட விட?" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "அமாவாசையை நீங்க மாத்துவீங்களா டீச்சர்?" என்று கேட்டார். அது கேலியாகத் தோன்றவில்லை. பதில் தெரிந்தே கேட்ட கேள்வி.

அவர் போனபின் பஞ்சாங்க நாட்காட்டியை எடுத்துப் பதிவேட்டின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அமாவாசையையும் பௌர்ணமியையும் பென்சிலால் குறித்தேன். சனி, ஞாயிறைக் கழித்துவிட்டால் அந்தப் பிள்ளை வராத நாட்கள் அனைத்தும் அந்த இரண்டு குறிகளைச் சுற்றியே இருந்தன. அவள் பெயர் மட்டுமல்ல. வேறு நான்கு பெண் பிள்ளைகளின் பெயர்களுக்கு நேரேயும் அதே வடிவம். ஐந்து பேருமே வீட்டில் மூத்தவர்கள். மூன்று மாதமாகத் தினமும் கையெழுத்திட்ட பதிவேட்டை நான் அன்றுதான் படித்தேன்.

இந்தக் கட்டுரை அந்த அம்மாக்களைப் பற்றியது. 'தலைமைப் பண்பு' என்று நாம் பயிற்சிகளில் கேட்கும் சொல்லுக்கு அவர்கள் வாழ்க்கையில் என்ன பொருள் என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. அதைச் சக ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

பாசி எடுப்பது என்ன வேலை?

மன்னார் வளைகுடாவில் ராமேஸ்வரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள் உள்ளன. அவற்றைச் சுற்றிப் பவளப்பாறைத் திட்டுகள். அந்தப் பாறைகளிலும் கற்களிலும் கடற்பாசிகள் வளர்கின்றன. எங்கள் ஊர்ப் பெண்கள் அவற்றுக்குச் சொல்லும் பெயர்கள் அழகானவை: மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை, பக்கடா பாசி. அறிவியல் நூல்களில் ஜெலிடியெல்லா, கிராசிலேரியா, சர்காஸம், டர்பினேரியா என்று நாம் படித்தவையே இவை.

மரிக்கொழுந்திலிருந்தும் கஞ்சிப்பாசியிலிருந்தும் அகர் எடுக்கிறார்கள். நோன்பு திறக்கும் வேளையில் கீழக்கரை வீடுகளில் வைக்கும் கடல்பாசி இனிப்பு அகரில் செய்வதுதான். ஆய்வகத்தில் நுண்ணுயிரிகளை வளர்க்கும் பெட்ரித் தட்டில் ஊற்றுவதும் அதே அகர். கட்டக்கோரையிலிருந்து கிடைக்கும் ஆல்ஜினேட், துணிக்குச் சாயம் அச்சிடுவது முதல் ஐஸ்கிரீம் வரை பயன்படுகிறது.

விடியலில் வல்லத்தில் ஏறித் தீவுகளை ஒட்டிய ஆழம் குறைந்த கடலுக்குப் போகிறார்கள். பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணி சுற்றிக்கொள்கிறார்கள். கண்ணுக்குக் கண்ணாடி, இடுப்பில் வலைப்பை. மூச்சை அடக்கி மூழ்கி, கையால் பாசியைக் கிள்ளிப் பையில் போட்டுக்கொண்டு மேலே வருகிறார்கள். ஒரு நாளில் எத்தனை முறை என்று அவர்கள் எண்ணுவதில்லை. கரைக்கு வந்தபின் அலசி, காயவைத்து, வியாபாரியிடம் எடைபோட வேண்டும்.

அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் என்ன தொடர்பு? நம் பாடப்புத்தகத்திலேயே விடை இருக்கிறது. அந்த நாட்களில் சூரியன், பூமி, நிலவு மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் அமைவதால் ஈர்ப்பு விசை சேர்ந்து 'உயர் ஓதம்' உண்டாகிறது. நீர் வழக்கத்தைவிட அதிகம் ஏறும். வழக்கத்தைவிட அதிகம் வற்றவும் செய்யும். வற்றும் நேரத்தில் பாறைத் திட்டுகள் எட்டும் ஆழத்திற்கு வந்துவிடும். நான் கரும்பலகையில் வட்டம் வரைந்து நடத்திய பாடத்தை அந்த அம்மாக்கள் உடம்பால் அறிந்திருந்தார்கள்.

இரண்டு கடல், இரண்டு காற்று

உள்மாவட்டங்களிலிருந்து வரும் ஆசிரியர்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். இந்தக் கரையில் கடல் ஒன்றல்ல. வடக்கே பாக் நீரிணைப் பக்கம் அலை குறைந்தது. அதைப் பெண்கடல் என்பார்கள். தெற்கே மன்னார் வளைகுடா அலை மிகுந்தது, அது ஆண்கடல். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும். வடகிழக்கிலிருந்து வாடைக் காற்று வரும்போது வடகடல் சீறும். காற்று திரும்பும்போது தொழிலும் இடம் மாறும், வருமானமும் மாறும். கையில் காசு இருக்கும் மாதமும் கடன் வாங்கும் மாதமும் எங்கள் ஊரில் காற்றின் பெயரால்தான் பேசப்படுகின்றன. பருவம் மாறுவது இவர்களுக்குப் புதிதல்ல. ஆனால் இவர்கள் சந்தித்த பெரிய மாற்றம் காற்றால் வந்ததல்ல.

வாழ்வு நின்றுபோன பருவம்

1986ஆம் ஆண்டு இந்த 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 1989இல் மன்னார் வளைகுடா முழுவதும் உயிர்க்கோளக் காப்பகமானது. 2001இல் பவளங்களும் கடல் அட்டைகளும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. இவற்றின் தேவையை யாரும் மறுக்க முடியாது. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகள் வண்டி வண்டியாக வெட்டப்பட்ட காலம் ஒன்று இருந்தது. கடற்பசுவும் ஆமையும் மேயும் கடல் இது. பவளம் அழிந்தால் மீன் குஞ்சுகளுக்கு இடமில்லை.

2000க்குப் பிறகு தீவுகளைச் சுற்றிய காவல் இறுகியது. பாட்டி காலத்திலிருந்து போய்வந்த இடத்திற்குப் போவது திடீரென்று குற்றமாகிவிட்டதைப் பெண்கள் உணர்ந்தார்கள். எடுத்த பாசி பறிபோகும், அபராதம் விழும் என்ற பயம். கடலுக்குள் செல்லும் ஆண்களுக்கு 'மீனவர்' என்ற அடையாளமாவது இருந்தது. பாசி எடுக்கும் பெண்களுக்கு அரசுப் பதிவேடுகளில் ஒரு பெயரும் இல்லை.

இந்த இடத்தில் அவர்கள் செய்ததுதான் நாம் கவனிக்க வேண்டியது. ஊர் ஊராகப் பேசி, ஆயிரத்திற்கும் மேற்பட்ட பெண்கள் அமைப்பாகச் சேர்ந்தார்கள். 'எங்களை விடுங்கள்' என்று கேட்பதோடு நிற்காமல், தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு விதித்துக்கொண்டார்கள். இரும்புக் கருவி கொண்டு சுரண்டுவதில்லை. கையால் மட்டும்தான் எடுப்பது. உயிருள்ள பவளத்தைத் தொடுவதில்லை. மாதத்தில் 12 நாட்கள் மட்டுமே கடலில் இறங்குவது: அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள். கோடையில் மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் தடைக்காலத்தை ஒட்டி 45 நாட்கள் பாசிக்கும் ஓய்வு. அடிப்பகுதியிலுள்ள பற்றுறுப்பைப் பாறையில் விட்டுவிட்டு மேலே கிள்ளினால் பாசி மறுபடி வளரும். இது அவர்களுடைய அனுபவ அறிவு, அதையே விதியாக்கினார்கள். பிறகு அந்த விதிகளைக் கையில் வைத்துக்கொண்டு அதிகாரிகளிடம் பேசினார்கள். தங்களையும் மீனவராகக் கருதி அடையாள அட்டை தர வேண்டும் என்று கேட்டார்கள்.

அந்தப் பேச்சை முன்னெடுத்தவர்களில் ஒருவர் பாம்பனை அடுத்த சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி. ஏழு வயதில் பெற்றோருடன் பாசி எடுக்கக் கடலில் இறங்கியவர். தீவுகளின் சூழலைக் காப்பதற்காக அமெரிக்காவின் கலிபோர்னியாவிலிருந்து இயங்கும் சீகாலஜி அமைப்பு, 2015ஆம் ஆண்டுக்கான தன் விருதை அவருக்கு வழங்கியது. பரிசுத் தொகை 10,000 டாலர். அதைத் தன் ஊர்ப் பிள்ளைகளின் கல்விக்குப் பயன்படுத்தப் போவதாக அவர் சொன்னார். பாசி எடுக்கும் பெண்ணின் விருது பள்ளிக்கூடத்தை நோக்கித் திரும்பியதை ஆசிரியர்களாகிய நாம் மறக்கக் கூடாது.

இது உலகில் தனித்த நிகழ்வும் அல்ல. தென்கொரியாவின் ஜேஜு தீவில் 'ஹேன்யோ' எனப்படும் பெண்கள் மூச்சடக்கி மூழ்கிச் சங்கும் பாசியும் எடுக்கிறார்கள். காற்று உருளை பயன்படுத்துவதில்லை என்பதும், எந்த நாளில் எதை எடுக்கலாம் என்பதும் அவர்களே கூடி வகுத்த ஒழுங்குகள். 2016இல் யுனெஸ்கோ அதை மானுடத்தின் பண்பாட்டு மரபாக ஏற்றது. எங்கள் வகுப்பில் அந்தப் படங்களைக் காட்டியபோது ஒரு பையன், "எங்க அம்மாச்சி மாதிரியே இருக்காங்க டீச்சர்" என்றான்.

தலைமை எங்கே தொடங்குகிறது?

ஒருநாள் அந்த அம்மாவிடமே கேட்டேன்: "முதன்முதலா அதிகாரி முன்னால பேசினப்ப எப்படி இருந்துச்சு அக்கா?"

"காலு நடுங்குச்சு டீச்சர். நான் பேசவே இல்ல. பின்னால நின்னேன். ரெண்டாவது தடவை முன்னால நிக்கிறவ தப்பா நாளைச் சொல்லிட்டா. 'பன்னெண்டு நாளுதான்'னு நான் எடுத்துச் சொன்னேன். அதுக்கப்புறம் என்னையே முன்னால தள்ளிட்டாளுக" என்று சிரித்தார்.

இந்தப் பதிலில் நான் மூன்று படிகளைப் பார்த்தேன். முதலாவது, தனக்குத் தெரிந்தது அறிவுதான் என்று உணர்வது. பாசி எப்போது வளரும் என்பது அவர் எப்போதும் அறிந்ததுதான். அது சபையில் சொல்லத்தக்கது என்பதை அன்றுதான் அறிந்தார். இரண்டாவது, பிறருக்கு விதி சொல்வதற்கு முன் தனக்கு விதித்துக்கொள்வது. மாதம் 18 நாள் வருமானத்தை விட்டுக்கொடுக்க ஒப்புக்கொண்டவர் பேசும்போது அந்தச் சொல்லுக்கு எடை கூடுகிறது. மூன்றாவது, தனியாகப் பேசாமல் கூட்டமாக நின்று பேசுவது. தவறாகச் சொன்னவரை யாரும் விலக்கவில்லை. திருத்தியவரை முன்னே தள்ளினார்கள், அவ்வளவுதான்.

இதையெல்லாம் முடிந்துபோன வெற்றிக் கதையாக எழுத முடியாது. 2016 கோடையில் கடல்நீர் சூடேறி இந்தப் பகுதியின் பவளங்கள் வெளிறின. பாக் நீரிணைப் பக்கம் மூங்கில் மிதவைகளில் கப்பாபைகஸ் என்ற பாசியை வளர்க்கும் தொழிலில் சுயஉதவிக் குழுப் பெண்கள் பலர் இறங்கினார்கள். 45 நாளில் அறுவடை. நல்ல வருமானம் தந்த அந்தத் தொழிலும் 2013க்குப் பிறகு பாசி பெருமளவில் மடிந்ததால் சரிந்து, மெல்லத்தான் எழுந்தது. ஒவ்வொரு மாற்றத்திலும் பெண்கள் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. உடல்வலியும் கடனும் கூடவே இருக்கின்றன.

பள்ளியில் என்ன மாறியது?

அந்த ஆண்டு அக்டோபரில் வகுப்புப் பெற்றோர் சந்திப்புக்குத் தேதி குறித்தேன். அந்த அம்மா மகளிடம் சொல்லி அனுப்பினார்: "அன்னிக்குப் பௌர்ணமிக்கு முந்தின நாள். யாரும் வர மாட்டாங்க. ஆறு நாள் தள்ளி வைக்கச் சொல்லு." தலைமையாசிரியரிடம் சொல்லித் தேதியை மாற்றினோம். அதுவரை ஏழெட்டு அம்மாக்கள் வந்த கூட்டத்திற்கு அன்று இருபத்திரண்டு பேர் வந்தார்கள். முந்தைய கூட்டங்களுக்கு வராதவர்களை 'ஒத்துழைப்பு இல்லாத பெற்றோர்' என்று நான் குறிப்பெழுதி வைத்திருந்தேன். அந்தத் தாளை அன்று மாலை கிழித்தேன்.

கூட்டத்தில் பதிவேட்டையும் நாட்காட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். "உங்கள் மகள்கள் ஆண்டுக்கு இத்தனை நாள் இழக்கிறார்கள்" என்று எண்ணிச் சொன்னேன். அறிவுரை எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவர்களுக்குள்ளேயே பேச்சு தொடங்கியது. முடிவு அவர்களுடையது: கடலுக்குப் போகும் நாட்களில் முறை வைத்து ஒருவர் கரையில் தங்கிச் சிறு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது, தங்குபவருக்கு மற்றவர்கள் தங்கள் பாசியில் ஆளுக்கு ஒரு பங்கு கொடுப்பது. அங்கன்வாடி திறந்த பின் பெரிய குழந்தைகளை அங்கே விடலாம். அதற்கு முந்தைய விடியல் நேரமும் கைக்குழந்தைகளும்தான் சிக்கலாக இருந்தன.

முதல் மாதம் பங்கு பிரிப்பதில் சண்டை வந்தது. ஒருவர் விலகினார். பிறகு எடை போட்டுக் கொடுப்பது என்று விதியை மாற்றினார்கள். தமக்குத் தாமே விதி வகுத்துப் பழகியவர்களுக்கு அது புதிதில்லை. ஜனவரியில் அந்தப் பிள்ளையின் வராத நாட்கள் இரண்டு. மார்ச்சில் மூன்று. பூஜ்யமாகவில்லை. ஒரு பிள்ளைக்கு எதுவும் மாறவில்லை. அவளுடைய வீட்டில் நோயுற்ற பாட்டி இருந்தார். அவளுக்காக இடைவேளைகளில் விடுபட்ட பாடங்களை நடத்தினேன்.

அகர் தட்டில் ரொட்டிப் பூஞ்சை வளர்த்துக் காட்டிய நாளில் அந்த மாணவி எழுந்து, "இதுல எங்க அம்மா எடுத்த பாசி இருக்குமா டீச்சர்?" என்று கேட்டாள். இருக்கலாம் என்றேன். அம்மாவின் வேலையைப் பற்றி அவள் வகுப்பில் தலைநிமிர்ந்து பேசியது அதுதான் முதல் முறை. அதற்குப் பின் ஓதங்கள் பாடத்தன்று அவளுடைய அம்மாவை வகுப்புக்கு அழைத்தோம். பத்து நிமிடம் பேசினார். வாசல் நிலையைப் பிடிக்கவில்லை; கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்றார்.

உங்கள் ஊரில் தொடங்க

கடல் எல்லா ஊரிலும் இல்லை. ஆனால் தொழிலின் பருவம் எல்லா ஊரிலும் உண்டு. எங்கள் மாவட்டத்திலேயே சாயல்குடிப் பக்கம் பனைத் தொழில் நடக்கும் மாதங்களில் குடும்பங்கள் பனங்காட்டிலேயே தங்குகின்றன. வேதாரண்யத்திலும் தூத்துக்குடியிலும் உப்பளம். பிற இடங்களில் கரும்பு வெட்டு, செங்கல் சூளை, பட்டாசு, தேயிலை. நான் பின்பற்றிப் பயன் கண்ட சில வழிகள் இவை:

1. மூன்று மாத வருகைப் பதிவேட்டை ஊரின் தொழில் நாட்காட்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வராத நாட்களுக்கு ஒரு வடிவம் இருந்தால் அது பிள்ளையின் சோம்பலாக இருக்க வாய்ப்பு குறைவு.

2. துறை அறிவிக்கும் கூட்ட நாட்களை நாம் மாற்ற இயலாது. வகுப்பு அளவிலான சந்திப்புகளின் நாளையும் நேரத்தையும் தாய்மார்களைக் கேட்டுக் குறிக்கலாம்.

3. பள்ளி மேலாண்மைக் குழுவில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும் என்பது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். வந்து கையெழுத்திடுவதோடு அவர்கள் பங்கு முடிந்துவிடக் கூடாது. விவரத்தை எண்ணிக்கையோடு அவர்கள் முன் வையுங்கள். முடிவை அவர்கள் எடுக்கட்டும்.

4. தாய்மார்களின் தொழில் அறிவைப் பாடத்தோடு இணையுங்கள். வட்டாரச் சொற்களைப் பாடச் சொற்களுக்குப் பக்கத்தில் எழுதுங்கள்.

5. "உங்க அம்மா மாதிரி கஷ்டப்படாம இருக்கணும்னா படி" என்று சொல்வதை விட்டுவிடுங்கள். நானும் சொல்லியிருக்கிறேன். அது பிள்ளையைத் தன் அம்மாவைக் கண்டு வெட்கப்படச் செய்கிறது.

தன் முன்னேற்றம், ஆளுமை வளர்ச்சி என்றெல்லாம் பயிற்சிகளில் பேசுகிறோம். அந்த இரண்டு ஆண்டுகளில் வளர்ந்தவர் அந்த அம்மா மட்டும் அல்லர். வராதவர்களைச் சிவப்பு மையால் குறித்துவிட்டுக் கடமை முடிந்தது என்று நினைத்திருந்த ஆசிரியை, இப்போது ஒவ்வொரு மாதத் தொடக்கத்திலும் பதிவேட்டைத் திறந்ததும் முதலில் இரண்டு இடத்தில் பென்சிலால் குறி வைக்கிறார். ஒன்று அமாவாசைக்கு, ஒன்று பௌர்ணமிக்கு.